வாசல் இருந்த இடத்தில் விளக்கு

அடையாறு ஆறு சில மாலைகளில் ஓடாது, நிற்கும். பாலத்தின் மேலிருந்து ஒரு காகிதத் துண்டைப் போட்டால், அது கடலை நோக்கிப் போகாமல் தயங்கித் தயங்கிச் சுற்றும். இன்னும் சற்றுப் பொறுத்தால் வந்த வழியே, கோட்டூர்புரம் பக்கமாக நகர ஆரம்பிக்கும். சிறு வயதில் இதைப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு வழி மறந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

காரணம் நிலா. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறுகிறது. சென்னையில் அந்த ஏற்றம் இடுப்பளவுகூட வராதுதான். ஆனால் ஆற்றின் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடப்பதால், அந்தக் கொஞ்ச உயரமே கதவைச் சாத்தியது போலாகிவிடும். வெளியே போக முடியாத தண்ணீர் உள்ளேயே தேங்கும். மேற்கே ஏரிகள் நிரம்பி, அங்கிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் கரை தாங்காது.

மழைக்காலத்தின் நடுவில் வருகிற பௌர்ணமி கார்த்திகை தீபம். நான் சொல்லப்போவது இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு கார்த்திகையைப் பற்றி.

எங்கள் வெள்ள முன்னறிவிப்பு அலுவலகம் அப்போது அடையாறு பகுதியில், ஒரு வங்கிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. இப்போது பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டோம். சுவர் முழுக்கத் திரை, எலும்பு வரைக்கும் ஏசி. பழைய இடத்தில் இரண்டு மேசை, ஒரு திரை, மழை பெய்தால் சொட்டுகிற ஒரு மூலை. வெள்ளத்தைக் கணிக்கிற ஆபீசே ஒழுகுதா என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்த அறைதான் பிடிக்கும். எதிர் மேசையில் ரகுபதி சார் இருந்தார். மயிலாப்பூர்க்காரர். ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து, மூடியில் எனக்கும் டம்ளரில் தனக்குமாக ஊற்றுவார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்.

எங்கள் கணிப்பு இயந்திரத்துக்குக் கிளி என்று பெயர் வைத்தது அவர்தான். "ஜோசியக்காரன் கிளி மாதிரிதான் இது. கூப்பிட்டா வந்து சீட்டை எடுத்துக் கொடுத்துடும். ஏன் அந்தச் சீட்டுன்னு அதைக் கேட்கப்படாது. பிரிச்சுப் படிக்கறது நம்ம வேலை" என்பார்.

கிளி வேலை செய்கிற விதத்தை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு ஊரில் பெய்யும் மழை எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகிறது. பள்ளம் எங்கே என்று தெரிந்தால் போதும். ஆனால் முழு நகரத்துக்கும் அப்படிக் கணக்குப் போட அரை நாள் ஆகும். அதற்குள் தண்ணீர் வந்து போய்விடும். அதனால் வெயில் காலத்திலேயே உட்கார்ந்து, இப்படி மழை பெய்தால், அப்படிக் கடல் ஏறினால் என்று ஆயிரக்கணக்கான கற்பனை வெள்ளங்களைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் கிளிக்குக் காட்டினோம். அது பார்த்துப் பார்த்துப் பழகியது. உண்மையான மழை வரும்போது, தான் பார்த்ததையெல்லாம் வைத்துச் சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும். ஒரே விடையாகச் சொல்லாது. மழையையும் கடலையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டு, சீக்கிரம் என்றால் இந்த நேரம், தாமதம் என்றால் அந்த நேரம் என்று ஓர் இடைவெளியைச் சொல்லும்.

அதன்பிறகு ஒரு பெருக்கல். எவ்வளவு தண்ணீர், எத்தனை பேர். இரண்டையும் பெருக்கி, எந்த இடத்துக்கு முதலில் எச்சரிக்கை, எந்த இடத்துக்குப் படகு என்று வரிசைப்படுத்தும். அந்த இடத்தில் பதிவான கைபேசிகளுக்கெல்லாம் குரல் அழைப்பு போகும்.

ஆனால் கிளி சொன்னதும் போய்விடாது. நாங்கள் இரண்டு பேரும் படித்துப் பார்த்து, இரண்டு பேரும் பொத்தானை அழுத்த வேண்டும். கிளி சொல்லாத இடத்துக்கு அனுப்புவதற்கும் அதே விதிதான். ஒருவர் காரணம் சொல்ல வேண்டும், அடுத்தவர் ஏற்க வேண்டும். அந்த விதியை நாங்களே எழுதினோம். அதற்கு முந்தைய வருடம், பணியிலிருந்த ஒருவர் கறுத்த வானத்தைப் பார்த்துப் பயந்து ஒரு தெருவையே கிளப்பிவிட்டார். படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன ஜனங்கள் திரும்பி வந்து பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது. அடுத்த முறை உண்மையாகவே தண்ணீர் வந்தபோது பாதிப் பேர் அழைப்பைத் துண்டித்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. யார் கைபேசி எந்த நேரம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் பின்தொடர்வதில்லை. அதற்காக அதிகம் வாதாடியவள் நான். காரணம் எங்கள் கெங்கையம்மன் தோட்டம்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி, பறக்கும் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. தோட்டம் என்றால் மரம் செடி ஒன்றும் கிடையாது. வீடுகள்தான். மூன்று வரிசை. தண்ணீரை ஒட்டியது ஆத்தோர வரிசை, நடுவில் குழாய் வரிசை, மேட்டில் கோயில் வரிசை. எங்கள் வீடு ஆத்தோரம். காலையில் அம்மா கதவைத் திறந்தால் முதலில் கொக்கு, அப்புறம்தான் மனிதர்கள். ரயில் போகும்போது பாத்திர அலமாரி சன்னமாகக் கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவோம். குழாயடியில் சண்டை, கோயில் வாசலில் சமாதானம். எதிர் வீட்டில் மாமா டில்லிபாபு. சொந்த மாமா இல்லை, தோட்டத்துக்கே மாமா. ஷேர் ஆட்டோ ஓட்டினார், கோயில் சாவியும் அவரிடம்தான். மாலையில் அவர் ஆட்டோவை வாசலில் நிறுத்திப் பாட்டுப் போட்டால், பாட்டு நிற்கிற வரை எங்களை யாரும் படிக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் எண்ண வந்தார்கள். எத்தனை குடும்பம், எத்தனை தலை. நல்லதுக்குத்தான் என்றார்கள். கதவுகளில் சிவப்புச் சாயத்தில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். எண் போட்ட கதவு ஒன்றுகூட அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. எங்களையெல்லாம் நகரத்துக்கு வெளியே, அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே தண்ணீர் வராது, கொக்கும் வராது. கோயில் மட்டும் சின்னதாக இருந்ததால் தப்பியது.

அன்றிலிருந்து எங்கள் ஜனங்களிடம் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் பதில் வராது. கல்யாணப் பந்தியில்கூட இலையைப் பார்த்துச் சமைப்பார்களே தவிர, தலையை எண்ண விட மாட்டார்கள். இன்னொரு பழக்கமும் வந்தது. கார்த்திகையன்று கிளம்பிப் பழைய இடத்துக்கு வருவார்கள். குடியிருப்பில் ஏற்றுவது கணக்கில்லை. வீடு இருந்த இடத்தைத் தேடி, வாசல் இருந்த இடத்தில் அகல் வைத்து ஏற்றுவார்கள். விளக்கு தானாக அணைகிற வரை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். சுவர் இல்லாத வீடுகளின் வாசல்களில் ஆளாளுக்கு உட்கார்ந்து, பழையபடி எதிர் வீட்டோடு பேசிக்கொண்டு. முதல் வருடம் நானும் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது.

அந்தக் கார்த்திகையன்று எனக்குப் பணி. காலை முழுக்கப் பெய்த மழை மத்தியானம் விட்டுவிட்டது. மழை நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மேற்கே பெய்த மழை நடந்து வர நேரம் எடுக்கும். நமக்கு வானம் வெளுத்தபிறகுதான் அது நம் பாலத்தைத் தொடும். நான்கு மணிக்குக் கிளி சீட்டை எடுத்தது. ஏரித் தண்ணீரும் கடலேற்றமும் மாலையில் ஒன்றாக வந்து முட்டும். கரையோரம் சில தெருக்கள் சிவந்தன. இரண்டு பேரும் படித்தோம், அழுத்தினோம், அழைப்புகள் போயின.

வரைபடத்தில் கெங்கையம்மன் தோட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆள் இல்லாத இடம். தண்ணீர் ஏறும் என்று கிளிக்குத் தெரியும். எத்தனை பேர் என்ற கட்டத்தில் பூஜ்யம். எவ்வளவு தண்ணீரைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கடலை இழுக்கிற நிலாவை நாங்கள் கிளிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதே நிலா எங்கள் ஜனங்களையும் அங்கே இழுத்து வரும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"சார், இன்னிக்கு அங்க ஆளுங்க இருப்பாங்க" என்றேன். விளக்கு விஷயத்தைச் சொன்னேன்.

ரகுபதி சார் கண்ணாடியைக் கழற்றினார். "இருப்பான்னு நீ நினைக்கறியா, இருக்கான்னு தெரியுமா?"

"நினைக்கிறேன்."

"போன வருஷம் அந்த மனுஷரும் நினைச்சார். நினைச்சுண்டு அழுத்தக்கூடாதுன்னு எழுதினது யாரு? கையெழுத்து உன்னோடது கீழே இருக்கு, என்னோடது மேலே இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. "நீ சொல்றது நிஜமா இருக்கலாம்மா. ஒரு ஆதாரம் கொண்டு வா. ஒண்ணே ஒண்ணு. உடனே ஒத்துக்கறேன்."

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மா பெயர் சொர்ணம். அன்று காலையில்தான் என்னிடம், முட்டி வலிக்கிறது, இந்த வருடம் தோட்டத்துக்குப் போகவில்லை என்று சொல்லியிருந்தாள்.

"இன்னாடி மொழி, வேலை நேரத்துல?"

"எங்கம்மா கீற?"

"எங்க கீறேன்? வூட்லதான். காலை நீட்டிக்கினு ஒக்காந்துகினுகீறேன்."

அந்தக் கணத்தில் தடதடவென்று ஒரு சத்தம் எழுந்து, உயர்ந்து, மெல்லத் தேய்ந்தது. ரகுபதி சார் நிமிர்ந்து பார்த்தார்.

"அது இன்னாம்மா சத்தம்?"

"டிவி."

"டிவியில பறக்கும் ரயில் போவுதா?"

பிறகு அம்மாவின் சிரிப்பு. "அய்ய, கண்டுபுட்ச்சிட்டாடா டில்லி! சொன்னா நீ கத்துவ, அதான் சொல்லல. எல்லாருந்தான் வந்துகீறாங்க. மயை வுட்ருச்சி, வானம் பளிச்னு கீது. இன்னா இப்போ?"

ரகுபதி சார் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "போறும். எத்தனை பேர்னு கேளு. கட்டத்துல ஒரு எண் போட்டாத்தான் படகும் போலீஸும் அந்தப் பக்கம் திரும்பும்."

"எத்தினி பேரும்மா?"

அம்மாவின் குரல் மாறியது. "அத்த மட்டும் கேக்காத."

"அம்மா, தண்ணி வருது."

"வரட்டும். எண்ணிக்கினு போனவன்தான் இடிச்சான். நீ எங்கூட்டுப் பொண்ணு, நீயும் எண்ணுவியா?"

கிளிக்கு வேண்டியது ஓர் எண். அம்மா தராமல் இருப்பதும் அந்த எண்ணைத்தான். எண்ணாமல் எண்ணுவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பெரிய கூட்டங்களைக் கணிக்கிறவர்கள் தலைகளை எண்ணுவதில்லை, செருப்புகளை, டீ டம்ளர்களை எண்ணுவார்கள் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது.

"சரி, ஆளு வேணாம். வெளக்கு எத்தினி?"

"வெளக்கா?" குரல் தளர்ந்தது. "டில்லி, வெளக்கு எத்தினி கொண்ணாந்த?"

டில்லிபாபு மாமா போனை வாங்கிக்கொண்டார். "மொழி! நல்லாகீறியா? அம்பது வாங்கியாந்தேன், ரெண்டு ஒடஞ்சிப்போச்சி. வூட்டுக்கு ஒண்ணு. கட வச்சிருந்த ஜானகி மட்டும் ரெண்டு கேக்குது, முன்வாசல் பின்வாசலாம். இருந்தது ஒரே கதவு, அதுவும் சாக்கு!" பின்னால் ஒரு பெண்குரல் அவரை ஏதோ திட்டியது.

வீட்டுக்கு நான்கு பேர் என்று பெருக்கிக் கட்டத்தில் இட்டேன். ரகுபதி சார் அழுத்தினார், நான் அழுத்தினேன். சாம்பல் நிறம் சிவப்பானது. பாலத்தருகே ஒரு போலீஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் திரும்பின. ஆனால் குரல் அழைப்பு ஒன்றுகூட அங்கே ஒலிக்கவில்லை. அவர்கள் கைபேசிகள் எல்லாம் புது விலாசத்தில் பதிவாகியிருந்தன. எச்சரிக்கை சொல்ல இருந்தது அந்த ஒரு போன்தான்.

"மாமா, எல்லாரையும் இட்டுக்கினு ரயில் ஸ்டேஷன் படிக்கு மேல போயிடுங்க. இப்பவே."

"வெளக்கு ஏத்தாமயா? நீ சொன்னா நான் வருவேன். உங்கம்மா வருமா?"

"வரமாட்டேன்" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல். "வருசத்துக்கு ஒரு நாளு எங்கூட்டு வாசல்ல ஒக்கார்றேன். அதுக்கும் வந்துட்டாங்க."

ரகுபதி சார் மெதுவாகச் சொன்னார்: "ஆறு மணிக்குத்தான் ஏத்தணும்னு இல்லைம்மா. எங்க ஆத்து வாசல்லயும் மழைன்னா முன்னாடியே ஏத்திடுவா. ஏத்திட்டுப் போகச் சொல்லு. ஆனா எந்த இடத்துல எப்போ தண்ணி வரும்னு தெரியணும். கிளியைக் கேட்டுப் பாரேன்."

கிளியிடம் நிலத்தின் உயரம் இருந்தது. விமானத்திலிருந்து ஒளிக்கற்றையைக் கீழே வீசி, அது தரையில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து நகரம் முழுவதையும் அளந்திருந்தார்கள். ஒரு கையளவு மேடு பள்ளம்கூடத் தெரியும். தோட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை அந்தச் சாம்பல் துண்டை நான் பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை.

வீடுகளை இடித்தவர்கள் வாசற்படிகளைப் பெயர்க்கவில்லை. மண்ணுக்கடியில் அவை அப்படியே கிடந்தன. திரையில் சின்னச் சின்னப் புடைப்புகளாக, மூன்று வரிசை. இதோ குழாய் வரிசை, நடுவில் கொஞ்சம் வளைந்து போகும். குழாய்க்கு இடம் விட்ட வளைவு. மேலே கோயில். கீழே, தண்ணீரை ஒட்டி, கடைசிக்கு முந்தைய புடைப்பு எங்களுடையது. அதில் உட்கார்ந்து அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். அதில் நின்றுதான் காகிதத் துண்டுகளைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன். பக்கத்துப் படியில் ஜானகி அக்காவின் இட்லிப் பானை. வாசனையைத் தவிர எல்லாம் அந்தத் திரையில் இருந்தது. ஆட்களை மறந்த கிளி, வாசல்களை மறக்கவில்லை.

"தமிழ்மொழி" என்றார் ரகுபதி சார். "அப்புறமா பாரு. நேரத்தைப் படி."

படித்தேன். ஆத்தோர வரிசைக்கு, சீக்கிரம் என்றால் ஐந்தேகால், தாமதம் என்றால் ஆறு. குழாய் வரிசைக்கு அதிலிருந்து அரை மணி. கோயில் வரிசைக்கு வராமலும் போகலாம்.

"நடுவுல இருக்கற நேரத்தைச் சொல்லாதே. முன்னாடி நேரத்தைச் சொல்லு. அதுலயும் பத்து நிமிஷம் குறைச்சுக்கோ. பறவைதானே, கொத்தும்போது ஒரு நெல்லு முன்ன பின்ன ஆகும்."

"மாமா, ஆத்தோர வரிசைய இப்பவே ஏத்தச் சொல்லுங்க. ஏத்தினதும் மேல போயிடணும், அஞ்சு மணிக்குள்ள. அப்றம் குயா வரிசை. கோயில் வரிசை கடைசி. கீயேர்ந்து மேல."

"அப்டி சொல்லு! எயுந்து போன்னு சொன்னா எவன் கேப்பான்? வரிசைன்னா கேப்பாங்க." அவர் தோட்டத்துக்கே கேட்கும்படி கத்தினார். ஆட்டோ ஓட்டின தொண்டை. போன் வழியாகத் தீப்பெட்டி உரசுகிற சத்தங்களும், காற்று, காற்று, கையை வச்சி மறை என்ற பேச்சும் கேட்டன. ஆத்தோரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போவதை மாமா பெயர் சொல்லிச் சொன்னார். எண் சொல்லவில்லை.

பிறகு, "மொழி, ஆத்தோரத்துல எல்லாம் மேல போயிருச்சி. உங்கம்மா மட்டும் ஒக்காந்துகினுகீது. வெளக்கு அணையட்டும்னுது" என்றார்.

"போனை அது கையில குடுங்க."

"இன்னாடி?" என்றாள் அம்மா. அமைதியாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எயுந்துரும்மா."

"உன் மிசினு இன்னா சாமியா? அது வரும்னா வந்துருமா?"

"தெரியல. வராமயும் போலாம். அதுக்கு ஒயுங்காத் தெரியாது, அதான் நேரத்தக்கூட அப்டி இப்டின்னுதான் சொல்லுது. எனக்கும் தெரியல." நான் யோசித்தேன். "அத்த நம்பாத. பக்கத்துல எதனா எல கெடந்தா தண்ணில போடு. எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து சொல்லு."

சேலை உரசும் சத்தம். ரகுபதி சார் மேசை மேல் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை.

"மேல போவுது" என்றாள் அம்மா. "கடல் பக்கம் போவல. மேல, வேகமாப் போவுது மொழி."

"கடல் மூடிக்கிச்சி. ஏரித் தண்ணி இன்னும் வந்துக்கினேகீது."

"வரலன்னா?"

"வரலன்னா என்னிய நல்லாத் திட்டு. ஞாயித்துக்கெயம முச்சூடும் கேக்கறேன்."

"திட்டுவேன்" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற முனகல் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். ஒரு படி, இன்னொரு படி. நடுவில் ஜானகி அக்கா யாரையோ கையைப் பிடி என்று அதட்டினார். எங்கள் அறையில் மூலையில் சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

கிளி சொன்ன சீக்கிர நேரத்துக்கும் சற்று முன்பே ஆத்தோர வரிசையில் தண்ணீர் ஏறிவிட்டது. நடு நேரத்தைச் சொல்லியிருந்தால் அம்மா அங்கே உட்கார்ந்திருந்திருப்பாள். கரை உடைந்த மாதிரி எல்லாம் வரவில்லையாம். தரை மெல்ல மினுமினுக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான் என்றார் மாமா. ஸ்டேஷன் படிகளில் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து எத்தனை பேர் என்று கேட்க, எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"நம்ம வாசல்ல தண்ணி வந்தப்பகூட எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி" என்றாள் அம்மா போனில். "சுத்தித் தண்ணி, நடுவுல அது. அப்றம் தெரில." பிறகு, "நீ பாத்திருக்கணும்டி" என்றாள். பார்த்தது போலத்தான் இருந்தது எனக்கு.

பணி முடிகிற நேரத்தில் திரை ஒரு கேள்வி கேட்டது. கையால் மாற்றிய எதையும் அது அப்படிக் கேட்கும். கெங்கையம்மன் தோட்டத்தில் இட்ட எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவா, இல்லை இன்றோடு அழித்துவிடவா?

ரகுபதி சார் ஃபிளாஸ்கில் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். "வெச்சா அடுத்த கார்த்திகைக்கு அதுவே ஞாபகம் வெச்சுக்கும். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. நம்மகிட்ட இருக்கற வரைபடத்தை நாளைக்கு வேற எந்த ஆபீஸ் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆகணும். ஆத்தங்கரையில இத்தனை பேர் கூடறான்னு பார்த்தா, அந்தக் கோயிலையும் சேர்த்து எடுத்துடலாம்னு யாருக்காவது தோணும்."

"அழிச்சா?"

"அடுத்த வருஷம் மறுபடி பூஜ்யம்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. "இது நாம அழுத்தற பொத்தான் இல்ல சார்" என்றேன்.

"அப்போ யாரு அழுத்தணுமோ அவாளைப் போய்க் கேட்டுண்டு வா" என்றார். அன்றைக்கு அதை அழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் போனேன். தண்ணீர் வந்துவிட்டதால் அம்மாவுக்குத் திட்ட வாய்ப்பில்லை. கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் எல்லோரும் கூடினார்கள். கிளி எப்படி வேலை செய்கிறது, பூஜ்யத்தால் பெருக்கினால் என்ன ஆகிறது, எண்ணை வைத்தால் என்ன, அழித்தால் என்ன என்று ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

"கோயிலு பேரப் போடக்கூடாது" என்றார் மாமா முதலில்.

"எடத்தயே போடக்கூடாது" என்றார் ஜானகி அக்கா. "வெளக்கு கணக்கும் வேணாம். இன்னிக்கு வெளக்கு எண்ணுவ, நாளைக்கு எவனாவது அத்த வச்சே தலைய எண்ணுவான்."

"அப்ப தண்ணி வந்தா எப்டிக்கா சொல்றது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழாயடி ஞாபகம் வந்தது எனக்கு. சத்தம் அடங்கும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. பிறகு, "அன்னிக்கு எனக்கு எப்டி சொன்ன?" என்று கேட்டாள்.

"போன் போட்டேன்."

"அதான். எல்லார்க்கும் போன் போடு. அந்த நாளுக்கு மட்டும். நாங்க எங்க கீறோம்னு உனக்கு எதுக்கு? தண்ணி எப்ப எங்க வருதுன்னு நீ சொல்லு. நாங்க எங்க கீறோம்னு எங்களுக்குத் தெரியும்."

நான் அதை யோசித்துப் பார்த்தேன். ஓர் இடத்தோடு ஆட்களைக் கட்டாமல், ஒரு நாளோடு கட்டுவது. அவர்களே விரும்பித் தந்த எண்களுக்கு மட்டும், கார்த்திகையன்று ஆறு ஏறினால், மூன்று வரிசைக்கும் நேரத்தை அழைத்துச் சொல்வது. வேறு எந்த நாளிலும் இல்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வரைபடத்தில் சாம்பல் சாம்பலாகவே இருக்கும். செய்ய முடியும். ரகுபதி சாரும் ஒத்துக்கொள்வார்.

"அப்போ நம்பர் குடுங்க. இஷ்டம் இருக்கறவங்க மட்டும்" என்றேன்.

நம்பரும் எண்தானே. மாமா வானத்தைப் பார்த்தார். ஜானகி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா தன் பழைய பட்டன் போனைச் சேலை மடிப்பிலிருந்து எடுத்தாள். "என் நம்பரு எனக்கே தெரியாது. மிஸ்ட் கால் குடுக்கறேன், புட்ச்சிக்கோ."

"உன் நம்பர் என்கிட்ட இருக்கும்மா."

"அது எம்பொண்ணுக்குக் குடுத்தது. இது உங்க ஆபீசுக்கு." அலுவலகப் போனின் எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். என் கையில் அலுவலகப் போன் ஒருமுறை அடித்து நின்றது. "வந்துச்சா?"

"வந்துச்சி."

"இன்னாத்துக்கு பாத்துக்கினுகீறீங்க?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். "தண்ணி வரும்போது இவளுக்குப் போன் போட்டுக் கேக்கப் போறீங்களா? லைன் கெடைக்காது."

யாரோ சிரித்தார்கள். மாமா சட்டைப் பையைத் தடவினார். போன் மறுபடி அடித்தது. நிற்பதற்குள் இன்னொன்று. நான் அதைத் திருப்பி, திரை உள்ளங்கையில் படும்படி வைத்துக்கொண்டேன். எத்தனை வந்தது என்று நான் பார்க்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.